மரப்பேணித் தண்ணீர் குடித்தால் சீனிக் குளிசையை விடலாமா?

கேள்வி: வணக்கம் டொக்டர். நாங்கள் தம்பலகாமம். அப்பாவுக்கு 63 வயது, ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். திருகோணமலையில் கிளினிக் காட்டுகிறார். காலையும் இரவும் மெட்போமின், காலையில் மட்டும் கிளிக்லசைட். போன மாதம் கண்டிக்குப் போன மாமா, கொத்தலஹிம்புட்டு என்ற மருந்துக் கொடியின் கட்டையில் கடைந்த ஒரு மரப்பேணி வாங்கி வந்து கொடுத்தார். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்து விடியக் குடிக்கிறார். இப்போது அதே மரத்தின் சீவலையும் வாங்கி, காய்ச்சி, இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் குடிக்கிறார். வெறும் வயிற்றுச் சீனி 170 இலிருந்து 120க்கு வந்துவிட்டது. "இனிக் குளிசை என்னத்துக்கு?" என்கிறார். ஆனால் போன கிழமை வயலில் பத்து மணி போல வியர்த்து, கை நடுங்கி வரம்பில் உட்கார்ந்துவிட்டார். தம்பி சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்தும் தெளிய அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. வயிறும் எந்நேரமும் பொருமுகிறதாம். குளிசையை நிறுத்தலாமா? அக்கா நான்கு மாதக் கர்ப்பம், அவவுக்கும் சீனி கூட என்று சொல்லியிருக்கிறார்கள். அவ இதைக் குடிக்கலாமா? சீனி வருத்தம் இல்லாத அம்மா, வராமல் இருக்கக் குடிக்கலாமா? (பெயர் வேண்டாம், தம்பலகாமம்)

பதில்: தங்கச்சி, பேணியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் வயலில் நடந்ததைப் பார்ப்போம். வெயில் மயக்கம் என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். நீங்கள் எழுதியிருக்கும் வியர்வை, கை நடுக்கம், காலைக் குளிசை போட்ட பிறகு வயல் வேலைக்கு நடுவில் வந்த சோர்வு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அது சீனி இறங்கியதால் வந்தது என்றுதான் நான் எடுப்பேன். இரத்தச் சீனி 70க்குக் கீழே போனால் அதை உடனே கவனிக்க வேண்டும். சீனி ஏறினால் வருடக்கணக்கில் கெடுதல் செய்யும். இறங்கினால் நிமிடக்கணக்கில் ஆளை விழுத்திவிடும். அறுபதைத் தாண்டியவருக்கு இது இன்னும் மோசம். வரம்பில் உட்கார்ந்தது நல்லதாகப் போயிற்று, உழவு இயந்திரத்தில் இருக்கும்போது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே இன்றைக்கே பேணியையும் சீவலையும் எடுத்து அலுமாரியில் வையுங்கள். குளிசைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காமல் நாளைக்கே போய், சீனி இறங்கியதையும் மரத்தண்ணீர் குடித்ததையும் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிளிக்லசைட்டின் அளவைக் குறைப்பதா, அப்படியே விடுவதா என்பதை அங்கே தீர்மானிப்பார்கள். ஒருமுறை இறங்கிய பிறகு பல வேளைகளில் குறைக்கத்தான் செய்வார்கள். அதுவரை ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கிளிக்லசைட் போட்டால் அப்பா வயிறாரச் சாப்பிட வேண்டும், சாப்பிட மனமில்லாத காலை என்றால் அந்தக் குளிசையைப் போடக் கூடாது. வயலுக்குத் தனியே அனுப்பவும் வேண்டாம்.

சித்த வைத்தியரே மூலிகையை எடுத்து வை, இங்கிலீஷ் குளிசையை விடாதே என்று சொல்கிறாரே என்று அப்பா சிரிப்பார். சிரிக்கட்டும். இந்தக் கொடி எங்களுக்கும் புதிதல்ல. கடலழிஞ்சில் என்ற பெயரில் இதன் வேரையும் பட்டையையும் மதுமேகத்துக்கு, அதாவது சீனி வருத்தத்துக்கு, கொடுப்பது சித்த மருத்துவத்தில் பழைய வழக்கம். சிங்கள வைத்தியத்தில் கொத்தலஹிம்புட்டுக்கு இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியும், இல்லாவிட்டால் மாமா கண்டியிலிருந்து பேணியைச் சுமந்து வந்திருக்க மாட்டார். நான் எடுத்து வைக்கச் சொல்வது, அது பயனில்லாத சாமான் என்பதால் அல்ல. அது உண்மையாகவே வேலை செய்கிறது. வேலை செய்கிற ஒன்றை இன்னொரு மருந்தோடு கணக்கில்லாமல் சேர்த்ததால் வந்த வினைதான் வயலில் நடந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

சோறு, புட்டு, இடியப்பம், பாண், கோதுமை ரொட்டி எல்லாவற்றிலும் இருக்கும் மாச்சத்து, குளுக்கோஸ் மணிகளைக் கோர்த்த மாலை போன்றது. மாலையாக இருக்கும்வரை அது இரத்தத்துக்குள் போகாது. மணி மணியாக அறுபட்டால்தான் குடல் உறிஞ்சும். கடைசி அறுப்பைச் செய்வது சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் சில நொதிகள். கடலழிஞ்சிலில் உள்ள சில சத்துக்கள் அந்த நொதிகளைப் பிடித்துக்கொள்கின்றன. 1997இல் ஜப்பானில் கியோட்டோவில் இருந்த ஆய்வாளர்கள் இந்தக் கொடியிலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள், அடுத்த வருடம் கொத்தலனோல் என்று இன்னொன்றையும். அறுப்பு மெதுவாகிறது, ஆகவே சாப்பிட்ட பிறகு சீனி குபீரென்று ஏறாமல் ஆறுதலாக ஏறுகிறது. ஆங்கில மருத்துவத்தில் அகாபோஸ் என்று ஒரு குளிசை இருக்கிறது, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இதிலிருந்து மூன்று காரியங்கள் விளங்கும். முதலாவது, இந்த மரத்தண்ணீரை மட்டும் தனியாகக் குடிப்பவருக்குச் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. அது உள்ளே வருகிற சீனியின் வேகத்தைத்தான் குறைக்கிறது, இருக்கிற சீனியை அள்ளி வெளியே போடுவதில்லை. ஆனால் கிளிக்லசைட் அப்படியல்ல. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு வந்ததா, வரவில்லையா, மெதுவாக வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டிருக்காது. அப்பா விடியப் பேணித் தண்ணீரைக் குடித்தார், குளிசையைப் போட்டார், ரொட்டியைத் தின்றார், மண்வெட்டியோடு போனார். இன்சுலின் நேரத்துக்கு வந்துவிட்டது. ரொட்டியிலிருந்து வர வேண்டிய குளுக்கோஸ் பிந்தியது. வயல் வேலை வேறு இருந்த சீனியையும் எரித்தது. கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் குளிசைகளோ இன்சுலின் ஊசியோ பாவிப்பவர்களுக்கும் இதே கதைதான்.

இரண்டாவது காரியத்தை வீட்டில் எல்லோரும், முக்கியமாகத் தம்பி, தெரிந்து வைத்திருக்க வேண்டும். சீனித் தேத்தண்ணி ஏன் உடனே கேட்கவில்லை? கடைச் சீனி தனிக் குளுக்கோஸ் அல்ல. அது குளுக்கோஸும் புருக்டோஸும் ஒட்டிய சோடி. அந்தச் சோடியைப் பிரிப்பதும் குடலின் அதே வகை நொதிதான், அதையும் இந்த மரத்தண்ணீர் பிடித்து வைக்கிறது. ஆகவே சர்க்கரை, கற்கண்டு, டொபி, மென்பானம் எல்லாம் மெதுவாகத்தான் ஏறும். இப்படிப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டியது குளுக்கோஸ் தூள். பாமசியிலும் பெரிய பலசரக்குக் கடைகளிலும் பெட்டியாகக் கிடைக்கும். ஏறக்குறைய 15 கிராம், அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள், இன்னும் 70க்குக் கீழே என்றால் திரும்பவும் அதே அளவு. குளுக்கோஸ் இல்லாத இடத்தில் தேன் உதவும், அதில் குளுக்கோஸ் ஏற்கெனவே பிரிந்தே இருக்கிறது. இரண்டும் இல்லாவிட்டால் கையில் இருக்கும் சீனியைக் கொடுக்கத் தயங்க வேண்டாம், பிந்தினாலும் ஒன்றும் இல்லாததை விட மேல்.

நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்துவிட்டு 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. தெளிந்தாலும் அன்று முழுக்கக் கவனமாக இருக்க வேண்டும். கிளிக்லசைட் வகைக் குளிசைகள் உடம்பில் மணிக்கணக்கில் நிற்பவை, தெளிந்தவருக்குப் பின்னேரம் திரும்பவும் சீனி இறங்கலாம். அப்பாவின் சட்டைப் பைக்குள் இனி வெற்றிலைப் பொட்டலத்தோடு ஒரு சின்னக் குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கட்டும்.

மூன்றாவது, வயிற்றுப் பொருமல். சிறுகுடலில் அறுபடாத மாச்சத்து பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்கே இருக்கும் கிருமிகள் அதைப் புளிக்க வைத்து வாயு உண்டாக்குகின்றன. பொருமல், காற்றுப் பிரிதல், சிலருக்கு இளக்கமான வயிற்றோட்டம் எல்லாம் அதனால்தான். மெட்போமினுக்கும் வயிற்றைக் கலக்கும் குணம் இருப்பதால் அப்பாவுக்கு இரண்டும் சேர்ந்துகொண்டன. பேணியை நிறுத்திச் சில நாளில் அடங்கிவிடும். அடங்காவிட்டால், அல்லது வயிற்றோட்டம் தொடர்ந்தால், அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள், வேறு காரணம் இருக்கலாம்.

சரி, 170 ஆக இருந்தது 120 ஆக வந்ததே, அது யாருடைய கெட்டித்தனம்? அப்பா பேணிக்குப் பட்டம் கொடுத்துவிட்டார். நான் அவ்வளவு வேகமாகக் கொடுக்க மாட்டேன். வெறும் வயிற்றுச் சீனி என்பது நேற்றிரவுச் சோற்றின் கணக்கை விட, இரவு முழுக்க ஈரல் செய்து விடும் குளுக்கோஸின் கணக்கு. அந்த ஈரலை அடக்கி வைப்பது மெட்போமினின் முக்கியமான வேலை. மரத்தண்ணீரின் பிரதான வேலைத்தலமோ குடல், அதன் பலன் அதிகம் தெரிவது சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துச் சீனியில். ஆகவே இந்த 50 புள்ளி இறக்கத்தில் மரத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம், ஆனால் முழுப் புகழும் அதற்குப் போகாது. இந்த ஒரு மாதத்தில் வேறு என்ன மாறியது என்று யோசியுங்கள். புது மருந்து தொடங்குகிற உற்சாகத்தில் ஆட்கள் தேத்தண்ணிக்குச் சீனியை விடுவார்கள், இரவுச் சோற்றைக் குறைப்பார்கள், முன்பு மறந்த குளிசைகளைக்கூட நேரத்துக்குப் போடுவார்கள். பேரைத் தட்டிக்கொண்டு போவது மட்டும் புது மருந்து. வயல் வேலை தொடங்கிய மாதமாகவும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்பாவிடம் இதைச் சொல்லும்போது மெட்போமினை விட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லுங்கள். குடலில் நடக்கும் வேலையைக் கொண்டு ஈரலைக் கட்டுப்படுத்த முடியாது. சில கிழமையில் வெறும் வயிற்றுச் சீனி பழையபடி ஏறும். ஏறியது தெரியவும் தெரியாது, நோவு இராது, கண்ணும் சிறுநீரகமும் காலின் நரம்பும் மட்டும் மெல்ல மெல்லப் பழுதாகும்.

இந்த மூலிகையை நம் நாட்டிலும் மனிதரில் ஒழுங்காகச் சோதித்திருக்கிறார்கள். 2005இல் வெளிவந்த ஓர் இலங்கை ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 51 பேருக்குக் கொத்தலஹிம்புட்டு சேர்ந்த தேயிலைப் பொதியும் வெறும் தேயிலைப் பொதியும் மாறி மாறி மூன்று மூன்று மாதம் கொடுத்தார்கள். எது எது என்று குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, வெறும் தேயிலை குடித்த காலத்தின் முடிவில் 6.65, மூலிகை குடித்த காலத்தின் முடிவில் 6.29. குறைந்தது உண்மை. எவ்வளவு குறைந்தது என்பதையும் பாருங்கள், அரைப் புள்ளிகூட இல்லை. அந்த மூன்று மாதத்துக்கு அது பாதுகாப்பாகவே இருந்தது என்றும் ஆய்வாளர்கள் எழுதினார்கள். என் கையில் வரும் ஒரு மூலிகைக்கு இவ்வளவு சான்று இருப்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இது குளிசைக்குக் கூடவே நின்று கொஞ்சம் உதவக்கூடிய மருந்து என்பதற்கு மேல் அந்த எண்களிலிருந்து நான் எதையும் வாசிக்க மாட்டேன். எச்பிஏ1சி 8, 9 என்று நிற்கும் ஒருவர் இதை நம்பிக் குளிசையை எறிந்தால் கணக்கு எங்கே நிற்கும்?

கிளினிக்கில் குளிசைகளைச் சரிசெய்து, இனி இறக்கம் வராது என்று டொக்டர் சொன்ன பிறகு, அப்பா இதைத் திரும்பத் தொடங்க விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். அப்படித் தொடங்குவதானால் குடிக்கும் முறையை மாற்ற வேண்டும். இப்போது விடிய எழும்பி வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, முகம் கழுவி, மாட்டை அவிழ்த்துக் கட்டி, ஒரு மணித்தியாலம் கழித்துச் சாப்பிடுகிறார் என்று நினைக்கிறேன், நம் ஊரில் பெரும்பாலும் அப்படித்தான். அறுப்பை மெதுவாக்க வந்த மருந்து, அறுக்க எதுவும் இல்லாத குடலில் இறங்கினால் ஓரளவு வீணாகும். சாப்பாட்டின் முதல் வாயோடு குடிக்க வேண்டும். ஒரு நாளில் ஒரு வேளை போதும், மாச்சத்து அதிகமாக உள்ள வேளையோடு. முட்டையும் மரக்கறியும் மட்டும் சாப்பிடும் வேளையில் இதற்கு வேலையே இல்லை. பாற்சோறு, பொங்கல் என்று வெளுத்துக் கட்டிவிட்டு ஒரு பேணி குடித்தால் சரியாகிவிடும் என்ற கணக்கும் வேண்டாம். அறுப்பு மெதுவாகுமே தவிர நிற்காது.

வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம், மீட்டர் இருக்கிறதுதானே. ஒரே அளவு புட்டு, ஒரே கறி, ஒரே குளிசை. ஒரு நாள் மரத்தண்ணீரோடு, மறுநாள் அது இல்லாமல். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்துக் குத்திப் பாருங்கள். ஒரு சோடி நாளை வைத்து முடிவெடுக்காமல் நான்கு சோடியாவது எழுதி வையுங்கள். மரத்தண்ணீர் குடித்த நாட்களில் தொடர்ந்து குறைவாக வந்தால் அது அப்பாவுக்கு உதவுகிறது. வித்தியாசம் இல்லை என்றால் அந்தப் பேணியை ஷோகேஸில் வைக்கலாம், பார்க்க வடிவாகத்தான் இருக்கும்.

பேணியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருந்து கொடுக்கும் ஆளாக எனக்கு அதில் பெரிய குறை ஒன்று உண்டு, அளவு தெரியாது. தண்ணீர் எவ்வளவு, எத்தனை மணி ஊறியது, மரம் எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீரியம். புதுப்பேணியில் விடியப் பார்த்தால் தண்ணீர் வெளிர்த் தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருக்கும். நாள் போகப் போக நிறம் இறங்கும், நிறம் இறங்கினால் சத்தும் இறங்குகிறது என்றுதான் கொள்ள வேண்டும். ஒரே பேணியை வருடக்கணக்கில் வைத்துக் குடிப்பவர்கள் கடைசியில் குடிப்பது மரம் நனைந்த தண்ணீரைத்தான். சீவலைக் காய்ச்சினால் அதற்கு எதிர்ப்புறம், கைப்பிடி அளவில் போட்டு வற்ற வற்றக் காய்ச்சினால் தேவைக்கு மேல் இறங்கும். அப்பா இரண்டையும் செய்திருக்கிறார்.

உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக, மினுக்கமாக இருந்தால் வார்னிஷ் பூசியிருக்கலாம், அதில் குடிக்கவே கூடாது. அடி மூலையில் கறுப்பாகவோ சாம்பலாகவோ படர்ந்திருந்தால் பூஞ்சணம், அந்தப் பேணியை எறிந்துவிடுங்கள். ஒவ்வொரு நாளும் கழுவிக் கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். நம் ஊர் மாரிக் காலத்தில் அது காய்வதே கஷ்டம். எந்த மரத்தில் கடைந்தது என்று உருவத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது என்பதும் ஒரு சிக்கல். உல்லாசப் பயணிகள் வாங்கும் கடையில் தொங்கும் பேணி எல்லாம் கடலழிஞ்சில்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

பொடியும் கப்சியூலும் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்ததாக யாராவது அதைத்தான் கொண்டு வருவார்கள். என்ன சேர்ந்தது, எவ்வளவு, யார் செய்தது, எப்போது காலாவதி என்று எழுதாத பொட்டலத்தைத் தொட வேண்டாம். குடித்து ஒரு கிழமைக்குள் சீனியைத் தரைமட்டமாக இறக்கும் "நூறு வீதம் மூலிகை"ப் பொடி என்றால் எனக்கு முதலில் வருவது சந்தேகம். மூலிகை என்று விற்ற நீரிழிவுப் பொடிகளுக்குள் கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளை அரைத்துக் கலந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்களுக்குப் பதிவு உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நம் கோணேசபுரி வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறார்கள். பதிவுள்ள ஒருவரிடம் கேட்டு வாங்குவதற்கு இந்த மாவட்டத்தில் வழி இல்லாமல் இல்லை.

இனி அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் விஷயம். பெரும்பாலானவர்கள் அங்கே மூலிகை குடித்ததைச் சொல்வதில்லை. ஏசுவார்கள் என்ற பயம் ஒன்று, "மரத்தண்ணிதானே, அது மருந்தா?" என்ற நினைப்பு இன்னொன்று. எனக்கு முன்னால் உட்கார்ந்தும் அப்படித்தான் சொல்வார்கள், "வேற மருந்து ஒண்டும் எடுக்கேல்லை" என்று. பிறகு மெல்லக் கதை கொடுத்தால் வெந்தயம், நாவற்கொட்டைப் பொடி, ஆவாரம்பூ என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று பழமொழியும் சேர்ந்து வரும். டொக்டருக்கு இது தெரியாவிட்டால், 120 என்ற எண்ணைப் பார்த்துக் குளிசை சரியாகப் பிடிக்கிறது என்று நினைப்பார், வயலில் சோர்ந்து உட்கார்ந்ததற்கும் வேறு காரணம் தேடுவார். ஆகவே கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில், மரத்தின் பெயர், எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை தரம், பேணியா காய்ச்சியதா, சீனி இறங்கிய திகதியும் நேரமும், அன்று என்ன சாப்பிட்டார் என்பதை எழுதிக் கொடுங்கள். பேச வெட்கமாக இருந்தால் கொப்பியை நீட்டினால் போதும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தச் சோதனை பார்த்து நாளாகிவிட்டால் அதையும் கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் குளிசை உடம்பில் தேங்கும், அவர்களுக்கு இறக்கம் இன்னும் சுலபமாக வரும். பின்னொரு காலம் கண் சத்திரசிகிச்சை அல்லது வேறு ஏதாவது ஒப்பரேஷன் என்றால் இரண்டு கிழமைக்கு முன்பே மரத்தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டில் "மரத்தண்ணி கூடாது" என்று தொடங்கினால் அப்பா கதவைச் சாத்திவிடுவார், மாமாவுக்கும் முகம் சுருங்கும். "அது வேலை செய்யுது அப்பா, வேலை செய்யிறபடியால்தான் டொக்டரிட்டச் சொல்ல வேணும்" என்று தொடங்கிப் பாருங்கள். அது பொய்யும் இல்லை.

அக்காவுக்கு வேண்டாம். இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. இலங்கையில் எலிகளில் செய்த ஓர் ஆய்வில், சினைக் காலத்தில் இந்த வேரின் சாற்றை உயர்ந்த அளவில் கொடுத்தபோது கருச்சேதம் மிகவும் கூடியது, பிறந்த குட்டிகளின் எடையும் குறைந்தது. எலிக்குக் கொடுத்த அளவு பேணித் தண்ணீரை விடப் பல மடங்கு என்பது சரிதான். ஆனாலும் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அந்தச் சந்தேகமே போதும். வேறு நல்ல வழி இருக்கும்போது இதை ஏன் தொட வேண்டும்? கர்ப்பத்தில் கூடும் சீனிக்குச் சாப்பாட்டு ஒழுங்கு, தேவைப்பட்டால் மெட்போமின், அதற்கும் மேல் இன்சுலின் என்று வழி தெளிவாக இருக்கிறது. இன்சுலின் பிள்ளைக்குப் போகாது, ஊசி என்று பயப்பட வேண்டாம் என்று அக்காவுக்குச் சொல்லுங்கள். அவவின் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இன்றே பேசி, கிளினிக் திகதியை முன்னுக்குப் போடச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே ஒரு வாய் குடிக்கக் கொடுத்திருந்தால் பதறத் தேவையில்லை, இனிக் கொடுக்காமல் விட்டால் போதும், அங்கே அதைச் சொல்லவும் வேண்டும். பிள்ளை பிறந்து பால் கொடுக்கும் காலத்திலும் வேண்டாம். சிறுபிள்ளைகளுக்கும், இன்சுலின் ஊசியே உயிராக இருக்கும் முதலாம் வகை நீரிழிவுக்காரருக்கும் என் பதில் இதேதான்.

அம்மாவுக்குச் சீனி இல்லை என்கிறீர்கள். கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? ஒரு வருடத்துக்கு மேலானால் வெறும் வயிற்றில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சரியாக இருந்தால் அவவுக்கு இந்தத் தண்ணீர் தேவையில்லை. மூன்று வேளையும் தட்டில் சோறோ மாவோ குவிவதைக் கொஞ்சம் குறைத்து, பின்னேரம் பக்கத்து வீட்டு அக்காவோடு கோயில் பக்கம் வரை நடந்து வரட்டும். வெயில் தாழ்ந்த பிறகு போனால் போதும்.